ஊர்ச்சாலையா, தனிச்சாலையா, செங்கல் வளையமா: 1910இல் அமெரிக்கக் கார் பந்தயத்தின் முன் நின்ற தேர்வுகள்

1910 அக்டோபர் 1ஆம் நாள், நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஆறாவது வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயம் நடந்தது. ஹாரி கிராண்ட் தம் ஆல்கோ காரில் தொடர்ந்து இரண்டாம் ஆண்டாகக் கோப்பையை வென்றார். இரண்டாவதாக வந்த ஜோ டாசன் அவருக்கு 25 விநாடிகளே பின்தங்கியிருந்தார். ஏறத்தாழ 278 மைல் ஓடிய ஒரு பந்தயம் இவ்வளவு நெருக்கமாக முடிந்தால் அதைப் பற்றி ஊரே பேசியிருக்க வேண்டும். ஆனால் அன்று நால்வர் உயிரிழந்து, இருபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்திருந்ததால் கிராண்டின் வெற்றியைக் கொண்டாட எவருக்கும் மனம் வரவில்லை. அதே பாதையில் இரண்டே வாரங்களில், அக்டோபர் 15 அன்று, ஐரோப்பிய அணிகளும் கலந்துகொள்ளும் அமெரிக்க கிராண்ட் பிரைஸ் பந்தயம் நடக்கவிருந்தது. அதை எங்கே நடத்துவது என்று அமைப்பாளர்கள் உடனடியாக முடிவெடுக்க வேண்டியிருந்தது.

அவர்கள் முன் நான்கு வழிகள் இருந்தன. லாங் ஐலண்டின் பொதுச்சாலைகளிலேயே தொடரலாம். கோப்பையை நிறுவிய செல்வந்தர் வாண்டர்பில்ட் கட்டிய தனியார் காங்கிரீட் சாலையை நம்பலாம். அரசு இயந்திரம் முழுவதையும் பந்தயத்தின் பின்னால் நிறுத்தத் தயாராக இருந்த ஜார்ஜியா மாநிலத்தின் சவானா நகரத்துக்குப் போகலாம். அல்லது சாலையை அடியோடு கைவிட்டு, இண்டியானாபொலிசில் புதிதாகச் செங்கல் பாவியிருந்த மூடிய வளையத்துக்குள் பந்தயத்தைக் கொண்டுபோகலாம். இவற்றை வேகத்தைக் கொண்டு ஒப்பிடுவது பயனற்றது, ஏனெனில் நான்கு இடங்களிலும் கார்கள் போதிய வேகத்தில் ஓடின. கூட்டத்தை யார் காப்பது, செலவை யார் ஏற்பது, ஓடி முடித்தபின் அதைச் சாலைப் பந்தயம் என்று சொல்ல முடியுமா என்ற மூன்று கேள்விகளை ஒவ்வோர் இடத்திடமும் கேட்டால்தான் வேறுபாடு தெரியும்.

முதல் வழியான பொதுச்சாலைக்கு அப்போது ஆறாண்டு அனுபவம் இருந்தது. இளம் செல்வந்தரான வில்லியம் கே. வாண்டர்பில்ட் 1904இல் வெள்ளிக் கோப்பை ஒன்றை அறிவித்தபோது, ஐரோப்பியக் கார்களுக்கு ஈடாக அமெரிக்கத் தொழிற்சாலைகளும் கார் செய்யத் தூண்டப்பட வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். ஊரிலிருந்து ஊருக்கு ஓடும் பந்தயங்கள் அதற்குள் செத்துவிட்டிருந்தன. 1903 மே மாதம் பாரிசிலிருந்து மாட்ரிடுக்குப் புறப்பட்ட பந்தயம், வழியெங்கும் நேர்ந்த சாவுகளால் போர்டோ நகரிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. எனவே லாங் ஐலண்டில் சுமார் 30 மைல் (48 கி.மீ.) நீளமுள்ள சாலைச் சுற்று ஒன்று தேர்ந்தெடுக்கப்பட்டது. புழுதி எழாமலிருக்கச் சாலைகளில் எண்ணெய் ஊற்றினார்கள். நாயைக் கட்டி வையுங்கள், கோழிகளை அடைத்து வையுங்கள் என்று ஊராருக்கு அறிவிப்பு ஒட்டினார்கள். பந்தயத்தைத் தடுக்க உழவர்கள் நீதிமன்றத்தை நாடியும் பயன் கிட்டவில்லை. ஊர்கள் குறுக்கிட்ட இடங்களில் கார்கள் நின்று, மிதிவண்டியில் முன்னே செல்லும் ஓர் அலுவலரின் பின்னால் மெதுவாக ஊர்ந்து சென்றுவிட்டு, மறுபடி பாய்ந்தன. அந்த முதல் பந்தயத்தை பன்ஹார் காரில் ஜார்ஜ் ஹீத் வென்றார். ஓட்டுநருடன் காரில் சென்ற ஒரு மெக்கானிக் உயிரிழந்தார்.

இந்த வழியின் பலவீனத்தை 1906ஆம் ஆண்டுப் பந்தயம் முழுதாகக் காட்டிவிட்டது. கூட்டம் இரண்டு லட்சத்துக்கும் மேல் என்று அன்றைய கணிப்பு. காலைக் கருக்கலில் தொடங்கும் பந்தயத்துக்காக முந்திய இரவே நகரத்திலிருந்து ரயிலிலும் காரிலும் வந்து குவிந்தவர்கள், வளைவுகளில் சாலையின் நடுவிலேயே நின்றுகொண்டு, கார் பத்தடி தூரத்தில் வந்தபின் விலகுவதை வீரமாகக் கருதினார்கள். கம்பி வேலி போட்டும் பயனில்லை. ஒரு பார்வையாளர் அடிபட்டு இறந்தார். டாரக் காரில் வென்ற லூயி வாக்னர், கூட்டத்தின் நடுவே புகுந்து புகுந்துதான் ஓட்டி முடித்தார். 1907இல் பந்தயம் நடக்கவில்லை.

பணத்தைப் பார்த்தாலும் பொதுச்சாலை நட்டக் கணக்குத்தான். தொடக்கக் கோட்டருகே போட்ட காலரிக்கு மட்டுமே சீட்டு விற்க முடியும். மற்ற மைல்கள் அனைத்திலும் வேடிக்கை இலவசம். இலவசமாக வந்தவனுக்கு இருக்கை எண் கிடையாது, அவன் நிற்க வேண்டிய இடம் இது என்று சொல்ல ஆளும் கிடையாது. கூட்டச் சிக்கலும் பணச் சிக்கலும் ஒன்றே என்பதை அமைப்பாளர்கள் உணர இரண்டு மூன்று ஆண்டுகள் பிடித்தன. ஆனால் மூன்றாவது கேள்விக்கு இந்த வழிதான் முழு மதிப்பெண் பெறுகிறது: ரயில்வே கிராசிங்கில் துள்ளி, பாலத்தில் ஒடுங்கி, பண்ணை வீட்டு முற்றத்தை உரசித் திரும்பும் ஒரு கார், வாங்குபவர் நாளை ஓட்டப்போகும் சாலையிலேயே சோதிக்கப்படுகிறது.

வாண்டர்பில்ட் இதற்குக் கண்ட மாற்று, பணக்காரர் ஒருவருக்கே தோன்றக்கூடியது: பொதுச்சாலை கிடைக்காவிட்டால் சொந்தச் சாலை போட்டுக்கொள்வது. 1908இல் வேலை தொடங்கிய லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வே, கார்களுக்கென்றே காங்கிரீட்டில் அமைந்தது. குறுக்குச் சாலை எதிலும் சந்திப்பு இல்லாமல் அனைத்தையும் பாலங்களின் வழியே கடந்தது. சுங்கம் முதலில் 2 டாலர். குவீன்சிலிருந்து ரொன்கொன்கோமா ஏரி வரை பின்னாளில் 45 மைல் நீண்ட அந்தச் சாலை, நெடுஞ்சாலை வரலாற்றில் பெரிய முன்னோடி. பந்தயத்துக்கு மட்டும் அது ஒத்துவரவில்லை. காரணம் எளியது: பார்க்வே ஒரு கோடு, பந்தயத்துக்கு வேண்டியது ஒரு சுற்று. கோட்டின் இரு முனைகளையும் இணைக்க மீண்டும் ஊர்ச்சாலைகளையே நாட வேண்டியிருந்தது. 1908இல் 23 மைலுக்குச் சற்று அதிகமான சுற்றில் ஏறக்குறைய 9 மைல் மட்டுமே பார்க்வே. 1910இன் சுற்றிலும் பெரும்பகுதி பொதுச்சாலையே.

1908இன் பந்தயம் அமெரிக்கர்களுக்கு மறக்க முடியாதது. ஜார்ஜ் ராபர்ட்சன் 16ஆம் எண் லோகோமொபில் காரில் மணிக்கு 64.38 மைல் சராசரியில் வென்று, கோப்பையை முதன்முதலாக ஓர் அமெரிக்கக் காருக்குப் பெற்றுத் தந்தார். அந்தக் கார் இன்றும் மிச்சிகனில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் அவர் கோட்டைக் கடந்ததும் மக்கள் சாலைக்குள் வெள்ளமாகப் பாய்ந்ததால், மற்ற கார்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பந்தயத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வேலி பார்க்வேயைக் காத்தது; பார்க்வே பந்தயத்தைக் காக்கவில்லை.

மூன்றாவது வழியான சவானா இந்தக் கூட்டச் சிக்கலை உண்மையாகவே தீர்த்துக்காட்டியது. தீர்த்த முறைதான் என்னை நெளிய வைக்கிறது. 1908 நவம்பர் 26 அன்று, நன்றி நவிலல் நாளில், அங்கே நடந்த முதல் கிராண்ட் பிரைசுக்காக 25.13 மைல் நீளமுள்ள சுற்று தயாரிக்கப்பட்டது. வளைவுகள் சரிவு கொடுத்து உயர்த்தப்பட்டன, பரப்பில் சரளையும் எண்ணெயும் இட்டு இறுக்கினார்கள். அந்த உழைப்பைத் தந்தவர்கள் சங்கிலி பூட்டப்பட்ட மாவட்டச் சிறைக்கைதிகள், பெரும்பாலும் கறுப்பினத்தவர். பந்தய நாளன்று சுற்று நெடுகிலும் துப்பாக்கி ஏந்திய மாநிலப் படையினர் நின்றார்கள். லாங் ஐலண்டில் அமைப்பாளர்கள் கெஞ்சியும் விலகாத கூட்டம், இங்கே கயிற்றுக்குப் பின்னால் அமைதியாக நின்றது. 16 சுற்று, 402 மைல் ஓடி வாக்னர் தம் ஃபியட் காரில் வென்றார். விக்டர் எமெரி 56 விநாடிகளில் தோற்றார். ஐரோப்பிய ஓட்டுநர்கள் இத்தகைய சாலையைத் தம் நாட்டிலும் கண்டதில்லை என்று புகழ்ந்தார்கள்.

ஆகவே 1910 அக்டோபரில் அமைப்பாளர்கள் சவானாவைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை. லாங் ஐலண்டில் நடக்கவிருந்த கிராண்ட் பிரைஸ் கைவிடப்பட்டு, நவம்பர் 12 அன்று சவானாவில் நடத்தப்பட்டது. ஆறு வாரங்களுக்குள் 17 மைலுக்கு மேற்பட்ட புதிய சுற்று ஒன்றை அந்த நகரம் தயார்செய்து கொடுத்தது. 415 மைல் ஓட்டத்தின் முடிவில் டேவிட் புரூஸ்-பிரௌன் என்ற இளைஞர் பென்ஸ் காரில் எமெரியை 1.42 விநாடியில் வென்றார். எமெரியை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. இரண்டு முறையும் அதே நகரத்தில், முதலில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக, பிறகு கண்ணிமைப்பொழுதில் தோற்றவர் அவர். மறு ஆண்டு வாண்டர்பில்ட் கோப்பையும் சவானாவுக்கே வந்தது. லோசியர் காரில் ரால்ஃப் மல்ஃபோர்ட் அதைப் பெற்றார்.

அத்துடன் சவானாவின் கதை முடிந்தது. பயிற்சி ஓட்டங்களில் ஓட்டுநர்கள் மாண்டிருந்தாலும் கூட்டத்தைக் காப்பதில் இந்த நகரத்துக்கு நிகராக வேறெதுவும் இருக்கவில்லை. பிறகு ஏன் நீடிக்கவில்லை? சவானாவின் வெற்றி எதில் நின்றதோ அதுவே அதன் முடிவுக்கும் காரணம் என்பது என் கணிப்பு. ஊதியமில்லாக் கைதியுழைப்பும், மாநிலம் அனுப்பும் படையும், வாரக்கணக்கில் தம் சாலையை விட்டுக்கொடுக்கும் ஊராரும் சேர்ந்தால்தான் அது சாத்தியம். பந்தயத்தின் உண்மையான செலவு கணக்கேட்டில் ஏறாமல் மற்றவர்கள் தோளில் ஏற்றப்பட்டிருந்தது. ஓராண்டு விழாவுக்கு ஒத்துக்கொள்ளும் ஊர், ஆண்டுதோறும் அதைச் சுமக்க ஒத்துக்கொள்வதில்லை.

நான்காவது வழியை உருவாக்கியவர் கார்ல் ஃபிஷர். இண்டியானாபொலிசில் கார் விளக்குகளுக்கான வாயு விற்றுப் பொருள் சேர்த்த அவர், சாலைப் பந்தயங்களைப் பார்த்துவிட்டு ஒரு வியாபாரிக்கே உரிய குறையைச் சொன்னார்: பணம் கொடுத்து வந்தவன், எப்போதோ ஒருமுறை ஒரு கார் கணநேரம் மின்னி மறைவதைத்தான் பார்க்கிறான். ஊரைச் சுற்றியிருந்த கார் தொழிற்சாலைகளுக்குச் சோதனைப் பாதை ஒன்றும் தேவைப்பட்டது. மூன்று கூட்டாளிகளுடன் 1909இல் 2.5 மைல் வளையத்தைக் கட்டினார். அதன் தொடக்கமும் கொடூரமானதே. அந்த ஆகஸ்ட் மாதம், நொறுக்கிய கல்லும் தாரும் கலந்த பரப்பு கார்களின் கீழே பெயர்ந்து பறந்து, மூன்று நாள் பந்தயங்களில் ஐவர் இறந்தனர். ஆக, மூடிய வளையம் தன்னளவில் பாதுகாப்பானது என்று சொல்வதற்கில்லை.

வேறுபாடு அதன் பிறகு நடந்ததில் இருக்கிறது. லாங் ஐலண்டில் சாலை பழுதானால் யாரைக் கேட்பது என்றே தெரியாது. இங்கே உரிமையாளர் ஒருவர் இருந்தார், வாசலில் காசு வசூலானது. எனவே சில மாதங்களிலேயே 32 லட்சம் செங்கற்களை அடுக்கிப் பரப்பை மாற்றிவிட முடிந்தது. 1911 மே 30 அன்று நடந்த முதல் 500 மைல் பந்தயத்தைச் சுமார் 80,000 பேர் சீட்டு வாங்கிப் பார்த்தார்கள். மார்மன் வாஸ்ப் காரில் ரே ஹாரூன் மணிக்கு 74.6 மைல் சராசரியில் வென்றார். முதல் பரிசு 10,000 டாலர். கூட்டம் யார் பொறுப்பு, செலவு யார் பொறுப்பு என்ற இரு கேள்விகளுக்கும் ஒரே சுவர் விடை சொல்லிவிட்டது. மூன்றாவது கேள்வியில் மட்டும் வளையம் தோற்றது. நான்கு இடதுபக்கத் திருப்பங்கள், மேடு பள்ளம் இல்லை, பிரேக்குக்கு வேலை குறைவு. ஓடுவது கார்தான், சாலைதான் இல்லை.

இந்த நான்குக்கும் வெளியே சில ஊர்கள் தம் வழியில் முயன்றன. பிலடெல்ஃபியா 1908 முதல் 1911 வரை ஃபேர்மவுண்ட் பூங்காவின் உள்சாலைகளிலேயே பந்தயம் விட்டது. இல்லினாயின் எல்ஜின் பண்ணைச் சாலைகளிலும் கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா கடற்கரைத் தெருக்களிலும் முதல் உலகப் போரைத் தாண்டியும் பந்தயம் நடந்தது. இவற்றில் விந்தையானது கொரோனா என்ற கலிஃபோர்னியச் சிற்றூர்: அந்த ஊரையே வட்டமாகச் சூழ்ந்திருந்த அகலமான வீதியில், எந்தத் திருப்பமும் இன்றி ஓயாமல் ஒரே பக்கம் வளைந்துகொண்டு கார்கள் ஓடின. 1916இல் புகழ்பெற்ற ஓட்டுநர் பாப் பர்மனும் அவருடைய மெக்கானிக்கும் ஒரு காவலரும் அங்கே இறந்ததோடு அது நின்றது. மரப்பலகைகளை நிறுத்தி அடுக்கிக் கட்டிய கிண்ண வடிவப் பாதைகளும் 1910 முதல் வந்தன. மலிவும் வேகமும் அவற்றின் கவர்ச்சி, சில ஆண்டுகளில் மக்கிப்போவது அவற்றின் விதி.

கிராண்ட் பிரைஸ் அமைப்பாளர் குழுவில் எனக்கொரு வாக்கு இருந்திருந்தால், 1910 அக்டோபரில் நானும் சவானாவுக்கே வாக்களித்திருப்பேன் என்று ஒப்புக்கொள்கிறேன், ஏனெனில் இரண்டு வாரத்தில் எடுக்க வேண்டிய முடிவுக்கு அதைவிட நல்லது இருக்கவில்லை. நீண்டகால முடிவாக மட்டும் அதை ஏற்க மாட்டேன். லாங் ஐலண்டின் ஊர்ச்சாலையை எந்தக் காலத்துக்கும் ஏற்க மாட்டேன். இண்டியானாபொலிசைத் தேர்ந்தெடுத்தால் பந்தயம் பிழைக்கும், சாலைப் பந்தயம் பிழைக்காது, நடந்ததும் அதுவே. வாண்டர்பில்ட் கோப்பை மில்வாக்கி, சாண்டா மோனிகா, சான் ஃபிரான்சிஸ்கோ என்று வீடில்லாமல் அலைந்து 1916க்குப் பிறகு நின்றுபோக, 500 மைல் பந்தயம் ஆண்டுதோறும் அதே இடத்தில் பருத்துக்கொண்டே போனது.

உண்மையில் ஐந்தாவது வழி ஒன்று காகிதத்தில் இருந்தது. ஃபிஷரின் தொடக்கத் திட்டத்தில் வளையத்தின் உள்ளே வளைந்து நெளியும் சாலை ஒன்றும் வரையப்பட்டிருந்தது. இரண்டையும் இணைத்தால் 5 மைல் சுற்று. வேலி, வாசல், உரிமையாளர் ஆகிய மூன்றும் இருக்க, உள்ளே சாலையும் இருந்திருக்கும். அது கட்டப்படவில்லை.

1936இல் லாங் ஐலண்டின் பழைய விமானத்தளம் ஒன்றில் ரூஸ்வெல்ட் ரேஸ்வே என்ற பெயரில் ஏறத்தாழ அதே எண்ணம் மீண்டும் முயலப்பட்டு, கோப்பைக்கும் உயிர் தரப்பட்டது. ஆல்ஃபா ரோமியோவில் வந்த டாசியோ நுவோலாரி எளிதாக வென்றார். ஆனால் அவருடைய சராசரி மணிக்கு 66 மைல் அளவில்தான் இருந்தது, அதாவது 28 ஆண்டுகளுக்கு முன் ராபர்ட்சன் ஓட்டியதைவிடச் சற்றே அதிகம். தட்டையான தரையில் செயற்கையாக மடித்துவைத்த அத்தனை வளைவுகளும் காரை நடக்க வைத்தன, கூட்டம் சலித்துப்போனது. வேலிக்குள் சாலையைப் போட்டால் மட்டும் போதாது, சாலை போடத் தகுந்த நிலமும் வேலிக்குள் இருக்க வேண்டும் என்ற பாடத்தைக் கற்க அந்தச் சலிப்பு தேவைப்பட்டது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தலைமுறை, தாத்தாக்கள் செய்த தவறையே முதலிலிருந்து செய்தது. 1948 அக்டோபர் 2 அன்று கேமரன் ஆர்கெட்சிங்கர் என்ற சட்ட மாணவரின் முயற்சியால் நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் ஊரின் கடைவீதியையும் மலைச்சாலைகளையும் இணைத்த 6.6 மைல் சுற்றில் பந்தயம் நடந்தது. சுற்றின் குறுக்கே ரயில் பாதை இருந்ததால் ரயிலைக்கூட நிறுத்தி வைத்தார்கள். விஸ்கான்சினில் எல்கார்ட் லேக், கலிஃபோர்னியாவில் பெபிள் பீச் எனப் பல ஊர்கள் தொடர்ந்தன. 1952இல் வாட்கின்ஸ் கிளென் கடைவீதியில், நடைபாதை ஓரத்தில் அமர்ந்திருந்த 7 வயதுச் சிறுவன் ஒருவன் காரில் அடிபட்டு இறந்தான். 1906இன் கேள்வி அப்படியே திரும்ப வந்து நின்றது.

இம்முறை தேர்வுகள் விரைவாகவே ஆராயப்பட்டன. ஜெனரல் கர்டிஸ் லிமே திறந்துவிட்ட விமானப்படைத் தளங்களில் 1952 முதல் 1954 வரை பந்தயங்கள் ஓடின. படைவீரர்களின் காவல், அரசின் நிலம் என்று அது சவானாவின் மறுபதிப்பு, ரூஸ்வெல்ட் ரேஸ்வேயைப் போலவே தட்டை, சவானாவைப் போலவே குறுகிய ஆயுள். விஸ்கான்சின் மாநிலம் பொதுச்சாலைப் பந்தயத்தைத் தடைசெய்ததும், கிளிஃப் டஃப்டி என்பவர் எல்கார்ட் லேக் அருகே பனியாறுகள் குவித்துச் சென்ற மேடுகள் நிறைந்த பண்ணைநிலத்தை வாங்கி, நிலத்தின் ஏற்ற இறக்கத்தையே பின்பற்றி 4 மைல் சாலை ஒன்றை அதன்மேல் விரித்தார். 1955இல் திறந்த அந்த ரோட் அமெரிக்கா, இன்றும் ஏறக்குறைய அதே வடிவத்தில் ஓடுகிறது. வாட்கின்ஸ் கிளென் 1956இலும், பெபிள் பீச்சுக்கு மாற்றான லாகுனா செகா 1957இலும் அதே வழியில் வந்தன. நான் ஒப்பிட்ட எல்லா வழிகளிலும் மூன்று கேள்விகளுக்கும் நிறைவான விடை சொல்வது இது ஒன்றே. ஆனால் நகரத்திலிருந்து தொலைவில் நிலம் மலிவாகக் கிடைக்கவும், பார்வையாளர் அனைவரும் சொந்தக் காரில் அங்கே வந்து சேரவும் கூடிய காலம் வந்த பிறகே இது கைகூடியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1910இல் அந்தக் காலம் வந்திருக்கவில்லை.

வாண்டர்பில்டின் பார்க்வே 1938இல் மூடப்பட்டு, வரிபாக்கிக்கு ஈடாக அரசின் கைக்குப் போனது. குவீன்சில் அதன் ஒரு துண்டு மிதிவண்டிப் பாதையாக இருக்கிறது. ஃபிஷரின் வளையத்தினுள் நெளியும் சாலை 2000ஆம் ஆண்டு ஃபார்முலா 1 பந்தயத்துக்காகக் கட்டப்பட்டது. திட்டம் வரைந்து 91 ஆண்டுகள் கழித்து வந்த அதுவும் தட்டைத் தரையில்தான் கிடக்கிறது. எட்டு பந்தயங்களுக்குப் பிறகு, 2007உடன் ஃபார்முலா 1 அங்கிருந்து வெளியேறியது.